வாசலில் முதலில் வந்தவர்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட இலைகளைச் சுருட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துத் தம்பியின் முன்னால் பாயில் விரித்தார். ஒன்று பழைய புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அப்பாவின் கையெழுத்து கோணலாக ஓடியிருந்தது. மற்றதில் ஸ்டாம்பு மட்டும்தான் ஒட்டியிருந்தது. மீதி இடமெல்லாம் வெள்ளை.

"கொள்ளி வைத்த பிள்ளை நீ. அப்பா கடனோடு போய்ச் சேரக் கூடாது தம்பி. இதில் ஒரு கையெழுத்துப் போடு, பணத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்."

தொகை 4 லட்சம் என்றார். தம்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா சுவரைப் பார்த்தார். தம்பியின் கை பேனாவை நோக்கிப் போனது. மொட்டையடித்த தலையும் கலங்கிய கண்ணுமாக அவன் அன்று எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பான். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "தாளை வைத்துவிட்டுப் போங்கள் அண்ணாச்சி, படித்துப் பார்த்துச் சொல்கிறோம்" என்றேன். அவர் இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "பெண்பிள்ளைகள் பேசும் விஷயமா இது?" என்பதைப் படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்.

இது நடந்தது 2024 செப்டம்பர் 12. இடம் தாராவி, 90 அடிச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1979இல் வந்தவர். முதலில் தோல் பதனிடும் இடத்தில் கூலி; பிறகு ஒரு வாடகைப் பட்டறை; மூன்று தையல் இயந்திரம், இரண்டு காரிகர், அதாவது தைக்கும் கைவினைஞர்கள். பர்ஸும் இடுப்புப் பட்டையும் தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். அந்த வருமானத்தில் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். நான் குர்லாவில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஊரார் கணக்கையெல்லாம் பார்ப்பவள், அப்பாவின் கணக்கை அவர் போன பிறகுதான் பார்த்தேன்.

அன்று இரவு சயானில் இருக்கும் ஒரு வழக்கறிஞர் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டானா?" இரண்டாவது கேள்வி, "பழைய நோட்டில் என்ன தேதி?" தேதியைப் பாயில் விரித்தபோதே பார்த்து வைத்திருந்தேன்: 9 அக்டோபர் 2021. அக்கா சிரித்தார். கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. இன்னும் நான்கு வாரத்தில் அது காலாவதியாகிவிடும். அண்ணாச்சியின் கண்ணீர் உண்மையாகவே இருக்கலாம். அவசரம் மட்டும் காலண்டர் பார்த்து வந்தது.

கடன் என்ற சொல்லே நம்மைக் குழப்பிவிடுகிறது. வாங்கிய பணமும் கடன், செய்ய வேண்டிய கடமையும் கடன். நீர்க்கடனும் வட்டிக்கடனும் ஒரே வாயால் சொல்லப்படுகின்றன. பதினாறு நாள் ஒன்றைச் செய்துகொண்டிருப்பவனிடம் மற்றதையும் சேர்த்து நீட்டினால் அவன் மறுக்க மாட்டான். வட்டிக்குக் கொடுப்பவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். பழைய இந்துச் சட்டமும் இந்த இரண்டையும் சேர்த்தே முடிச்சுப் போட்டிருந்தது. தந்தையின் கடனை அடைக்காவிட்டால் அவருக்கு நற்கதி இல்லை, ஆகவே அடைப்பது மகனின் புனிதக் கடமை என்றது. சூதுக்கும் குடிக்கும் வாங்கிய கடனுக்கு மட்டும் விலக்கு இருந்தது.

இந்த முடிச்சு அவிழ்ந்த கதையில் எங்கள் ஊருக்கு, அதாவது மும்பைக்கு, ஒரு தனி இடம் உண்டு. பம்பாய் மாகாணத்தில்தான் சட்டம் மிகவும் கடுமையாக இருந்தது. அப்பா ஒரு காசு வைக்காமல் போயிருந்தாலும் மகன் தன் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும். 1866இல் இந்து வாரிசுகள் நிவாரணச் சட்டம் வந்து, வாரிசின் கைக்கு வந்த சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பொறுப்பு என்றது. அதே சட்டம், விதவையை மணந்துகொண்டவர் அவளுடைய முதல் கணவனின் கடனுக்குப் பொறுப்பல்ல என்றும் சேர்த்துச் சொன்னது. அப்படி ஒரு வரி எழுத வேண்டியிருந்தது என்றால், எத்தனை வட்டிக்காரர்கள் அந்த இரண்டாவது கணவன்மார் வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்றைய நிலை இன்னும் தெளிவு. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, இறந்தவரின் சட்டப்பூர்வப் பிரதிநிதி தன் கைக்கு வந்த அவருடைய சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு என்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005இல் செய்த திருத்தம், அந்த ஆண்டு செப்டம்பர் 9க்குப் பிறகு வாங்கிய கடனுக்காக, புனிதக் கடமை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன் மீது எந்த நீதிமன்றமும் வசூலுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்கிறது. கொள்ளி வைத்தவன் யார் என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. அம்மா, நான், தம்பி மூவரும் சம வாரிசுகள். ஆனாலும் வந்த ஒவ்வொருவரும், "பையன் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பணம் கேட்பதற்குக்கூட நான் ஆளாகத் தெரியவில்லை என்பதில் முதலில் கோபம் வந்தது. பிறகு அது வசதியாகவும் இருந்தது.

அக்கா சொன்னபடி முதலில் ஒரு தாளை எடுத்து இரண்டாக மடித்தேன். இடது பக்கம் அப்பா விட்டுச் சென்றது, வலது பக்கம் அவர் கொடுக்க வேண்டியது. இடது பக்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வங்கியில் 41,000. பட்டறை முன்பணம் 1,50,000. இயந்திரங்களை விற்றதில் 66,000. தோலும் தைத்து முடித்த சரக்கும் 58,000. இரண்டு கடைக்காரர்கள் தர வேண்டிய பாக்கி 72,000. மொத்தம் 3,87,000 ரூபாய். நாற்பத்தைந்து ஆண்டு உழைப்பு ஒரு கூட்டலில் அடங்கிவிட்டது. ஊரிலிருந்து மாமா தினமும் போன் செய்து, "தாசில்தாரிடம் போய் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிடு" என்றார். இந்த ஊரில் அதற்குத் தாசில்தார் கிடையாது. 1827ஆம் ஆண்டு பம்பாய் ஒழுங்குமுறை ஒன்றின் கீழ் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னால் அவர் நம்பவில்லை. எங்கள் தொகைக்கு அது தேவைப்படவும் இல்லை. வங்கிக் கணக்கில் அம்மாவின் பெயர் நாமினியாக இருந்தது. பெயர் இருப்பதால் பணம் அம்மாவுக்கே சொந்தமாகிவிடாது, வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்புத்தான். அதனால் அதையும் கூட்டலில் சேர்த்தேன்.

வலது பக்கம்தான் நீண்டது. வங்கித் தனிநபர் கடனில் 2,10,000 பாக்கி. கடன் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியபோது, கடன் கொடுத்த அன்றே காப்பீட்டுக்கு ஒரு தொகை பிடித்திருந்தது தெரிந்தது. வசூலுக்குப் போன் செய்தவர்களில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்தோம், கடன் தீர்ந்தது. இப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாமல் பிள்ளைகள் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனை இருக்குமோ.

கடன் அட்டையில் 83,000. வசூல் முகவர் காலை ஆறே முக்காலுக்கு அம்மாவின் போனில் வந்தார். எட்டு மணிக்கு முன்னாலும் மாலை ஏழுக்குப் பின்னாலும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டிருப்பதைச் சொன்னேன். "நீங்கள் யார்?" என்றார். "மகள்" என்றேன். "மகனைக் கூப்பிடுங்கள்" என்றார்.

நகைக்கடன் வேறு வகை. அடகு வைத்த பொருள் அவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் யாரையும் துரத்த வேண்டியதில்லை, ஏலத்துக்கு விட்டால் போதும். அப்பா பெயரில் வைத்திருந்தது அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி. தம்பி தன் சேமிப்பிலிருந்து 1,34,000 கட்டி மீட்டான். அம்மா அதை வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, அரிசி டப்பாவுக்குள் வைத்தார். கழுத்தில் போடவில்லை.

கூட்டுறவுச் சங்கக் கடன் 94,000. அது அப்பாவின் கடன் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் மட்டும் நினைக்கவில்லை. ஏனென்றால் ஜாமீன் கையெழுத்து என்னுடையது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவில் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அப்பா விட்டுச் சென்றதில் ஒன்றுமே இல்லாமல் போயிருந்தாலும் அது என் தலையில்தான் இறங்கியிருக்கும். இன்னமும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். மகள் என்பதால் வராத கடன், ஒரு மாலை நேரத்தில் டீ குடித்துக்கொண்டே போட்ட கையெழுத்தால் வந்தது.

இதற்கெல்லாம் பிறகுதான் அந்த நோட்டு கிடைத்தது. பட்டறை அலமாரியில், பசை டப்பாவுக்குப் பின்னால், சிவப்புத் துணி ஒட்டிய நீளமான கணக்கு நோட்டு. ஓரமெல்லாம் தோல் சாயம். அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். ரூபாய்க்கு 'ரூ' போட்டு அதற்குக் கீழே ஒரு கோடு இழுப்பார். அண்ணாச்சிக்கு ஒரு பக்கம் இருந்தது. 1,50,000 வாங்கியது, ஐந்து வட்டி, மாதம் 7,500. 2021 நவம்பரிலிருந்து 2024 ஜூலை வரை 33 மாதம், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. 2,47,500 ரூபாய் வட்டியாகவே போயிருந்தது. அதற்கு மேலும் வட்டிப் பாக்கி என்று கூட்டித்தான் 4 லட்சம் கேட்டார்.

நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். வட்டி கட்டியதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டதே! அவர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பணம் கட்டியவரின் கையெழுத்திலேயே கட்டிய குறிப்பு இருந்தால், 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, கெடு முடிவதற்குள் கட்டிய கடைசித் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். அண்ணாச்சியின் புரோநோட்டு அக்டோபரில் சாகும் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பாவின் நேர்மை அதற்கு 2027 வரை உயிர் கொடுத்துவிட்டது. "இந்தப் பக்கத்தை யாரிடமும் காட்டாதே" என்றார் அக்கா.

காட்டாமல் இருப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அதே நோட்டில் பின்பக்கத்திலிருந்து தொடங்கி ஒன்பது பெண்களின் தீபாவளிச் சீட்டுக் கணக்கு இருந்தது. இட்லி விற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். வாரம் 300 ரூபாய், ஞாயிற்றுக்கிழமை. 2023 நவம்பர் 19இல் தொடங்கி 2024 ஆகஸ்ட் 18 வரை 40 வாரம். அடுத்த ஞாயிறு அப்பா மருத்துவமனையில் இருந்தார். 28ஆம் தேதி போய்விட்டார். ஒன்பது பேருக்கு 1,08,000. ரசீது கிடையாது, அட்டை கிடையாது. அவர்களுடைய பணத்துக்கு உலகத்திலேயே ஒரே சாட்சி இந்த நோட்டுத்தான். இதை மறைத்தால் அவர்களும் மறைந்துபோவார்கள்.

அவர்களில் ஒரு அத்தை, சொந்தமில்லை, அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவதால் எங்களுக்கு அத்தை, துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று தினமும் காலையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய இட்லியும் பொடியும் கொண்டுவந்து வைத்தவர். அவருக்கு 12,000 வர வேண்டும். பதினாறு நாளில் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. காரிகர் இருவரும் பேசவில்லை. பீகாரிலிருந்து வந்தவர்கள், ஏழு வாரக் கூலி 38,000 நிற்கிறது. பாடையைத் தூக்கியதில் அவர்கள் தோளும் இருந்தது.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்தவரின் பணத்தை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. அக்கா அதைப் படித்துக் காட்டியபோது இரண்டாவது தடவை படிக்கச் சொன்னேன். முதலில் ஈமச்சடங்குச் செலவும் கடைசி நோய்க்கான மருத்துவச் செலவும். பிறகு சொத்தை நிர்வகிக்க நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அந்தச் செலவு. அதற்கடுத்து, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த கூலியாள், கைவினைஞர், வீட்டுப் பணியாளரின் சம்பளம். மற்றக் கடன்காரர்கள் எல்லோரும் அதற்குப் பின்னால்தான், அவரவர் தொகைக்கு ஏற்ற விகிதத்தில். எங்கள் வாசலில் முதலில் வந்தவர் அண்ணாச்சி. காலையில் முதலில் அழைத்தவர் வங்கி முகவர். சட்டம் போட்ட வரிசையில் முதலில் நின்றவர்கள் வாயையே திறக்காத இரண்டு காரிகர்கள். வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தில் எனக்குப் பிடித்த வரி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மருத்துவமனைக்கும் காரியத்துக்கும் ஆன 96,000 போக, காரிகர் கூலி 38,000 போக, 2,53,000 நின்றது.

அண்ணாச்சி இரண்டாம் முறை வந்தபோது அப்பாவின் கணக்கு நோட்டைப் பாயில் வைத்தேன். அக்காவுக்கு இது தெரிந்தால் திட்டுவார். ஆனால் அதற்குள் நான் அக்காவிடம் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். "உங்களிடம் உரிமம் இருக்கிறதா அண்ணாச்சி?" என்றேன். மகாராஷ்டிரத்தில் 2014ஆம் ஆண்டு வட்டித்தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் செய்பவருக்கு நீதிமன்றம் தீர்ப்பாணை கொடுக்காது, அது குற்றமும்கூட. "அது போகட்டும், தாம்துப்பட் தெரியுமா?" என்றும் கேட்டேன். ஒரே நேரத்தில் கேட்கும் வட்டிப் பாக்கி அசலைத் தாண்டக் கூடாது என்பது பம்பாய்ப் பக்கத்தில் நெடுங்காலமாக நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட பழைய விதி. அந்த மராத்திச் சொல்லை அவர் நிச்சயம் கேள்விப்பட்டிருந்தார், ஏனென்றால் காபியைப் பாதியில் வைத்தார். "உன் அப்பா இப்படிப் பேசியிருக்க மாட்டார்" என்றார். அது உண்மை. அப்பா பேசியிருக்க மாட்டார், அடுத்த மாதமும் 7,500 கொடுத்திருப்பார்.

"வழக்குப் போடுங்கள், தீர்ப்பு வந்தால் அப்பா பணத்திலிருந்து தருகிறோம்" என்றேன். இதுவரை போடவில்லை.

கடன் அட்டை வங்கியோடு எழுத்தில் பேசி 60,000க்கு முடித்துக்கொண்டோம். முடிந்தது என்ற கடிதம் கைக்கு வரும்வரை நான் அவர்களை விடவில்லை. மளிகைக் கடைக்கும் டீக்கடைக்கும் 7,550. சீட்டுப் பணம் 1,08,000 முழுதாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். விகிதப்படி பார்த்தால் அது சரியில்லை, அண்ணாச்சி தீர்ப்பாணையோடு வந்தால் கூடுதலாகக் கொடுத்ததற்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அக்கா எச்சரித்தார். சொல்லிக்கொள்கிறேன். மீதி 77,450 அம்மா பெயரில் வைப்புத்தொகையாகக் கிடக்கிறது, 2027 வரை அதைத் தொடப் போவதில்லை.

தீபாவளி அந்த ஆண்டு அக்டோபர் 31. அதற்கு முந்தைய ஞாயிறு ஒன்பது பேரையும் வரச் சொன்னேன். நோட்டைப் பார்த்துப் பெயர் வாசித்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு 12,000 கொடுத்தேன். இட்லி அத்தை கடைசியில் வந்தார். எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார். பிறகு 600 ரூபாயை எடுத்து நோட்டின் மேல் வைத்தார்.

"சித்திரையில் எனக்குக் காய்ச்சல். இரண்டு வாரம் நான் கட்டவில்லை. பாக்கி போட்டுக்கொள்கிறேன் என்றார் அண்ணன்."

அவருடைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சித்திரை மாதத்து இரண்டு ஞாயிறுகளிலும் 300, 300 என்றுதான் எழுதியிருந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் பேனா முனையால் குத்தியது போல ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளை நான் முன்பே பார்த்திருந்தேன். மை சிந்தியது என்று விட்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு விளக்கைக் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டு ஒன்பது பேரின் பக்கங்களையும் பார்த்தேன். அத்தையின் இரண்டையும் சேர்த்து 17 புள்ளிகள். அம்மா வந்து எட்டிப் பார்த்து, "என்ன எண்ணுகிறாய்?" என்றார். அந்த 600 ரூபாய் இன்னும் நோட்டுக்குள்ளேயே இருக்கிறது.